தை மாதத்தில் பனை விருந்து: எட்டுப் பேருக்கு ஐந்து சுற்று

கேள்வி: தை கடைசியில் கனடாவிலிருந்து உறவினர் வருகிறார்கள். எட்டுப் பேருக்கு வீட்டிலேயே ஐந்து சுற்றாகப் பரிமாற விருப்பம். பனையைக் கருவாக வைத்து, பூச்சிமருந்து அடிக்காத, அந்தக் காலத்துப் பொருட்களால் செய்யலாமா? இருவர் சைவம்.
– வாசகி, கோண்டாவில்

தாராளமாகச் செய்யலாம். பனம்பழக் காலம் முடிந்து பாத்தி போட்ட கொட்டைகள் கிழங்காவது மார்கழி, தையில்தான். ஆனால் ஐந்து சுற்றிலும் பனையைத் திணிக்காதீர்கள். ஒடியலின் (பச்சையாகக் காயவைத்த பனங்கிழங்கின்) கசப்பும் பனங்கட்டியின் காரல் இனிப்பும் திரும்பத் திரும்ப வந்தால் நாக்கு சலித்துவிடும். முதல், இரண்டாம், நான்காம் சுற்றுகளில் பனை இருந்தாலே விருந்தின் கரு விளங்கும். நாள் குறிக்கும்போது வெள்ளிக்கிழமையையும் தைப்பூசத்தையும் தவிருங்கள். மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாதோர் தொகை கூடிவிடும்.

மருந்தடிக்காத பொருள் வேண்டுமென்றால் இயல்பாகவே மருந்து தேவைப்படாதவற்றைத் தெரிவதே சுலபம்: பனங்கிழங்கு, மரவள்ளி, முருங்கையிலை, வேலியில் படரும் முசுட்டை இலை. கத்தரி, கோவா (முட்டைக்கோஸ்), பாகல் ஆகியவற்றுக்குத்தான் மருந்து அதிகம். அவை வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, மருதனார்மடம் சந்தைகளில் தோட்டக்காரரிடமே நேரே வாங்கி, கடைசியாக எப்போது அடித்தார் என்று கேளுங்கள்.

முதல் சுற்று இடித்த பனங்கிழங்கு. பத்து நடுத்தரக் கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு முக்கால் மணி நேரம் அவித்து, தோலையும் நடுத்தும்பையும் (நடு நாரையும்) நீக்குங்கள். பச்சைமிளகாய், உள்ளி (பூண்டு), மிளகு, உப்பு, ஒரு பிடி தேங்காய்ப்பூ (துருவல்) சேர்த்து இடித்து, ஆளுக்கு ஒரு சிறு உருண்டை. கிழங்கு சூடாக இருக்கும்போதே தும்பை இழுங்கள். ஆறினால் அறுந்து உள்ளே தங்கும்.

இரண்டாவது ஒடியல் கூழ். இதில்தான் கவனம் வேண்டும். வழமையாகக் கூழே ஒரு நேரச் சாப்பாடு. இங்கே ஆளுக்கு 150 மில்லிலீற்றருக்கு மேல் வார்த்தால் சோறு அப்படியே மிஞ்சும். பிளாவில் (பனையோலைக் கிண்ணத்தில்) வார்த்தால் அளவும் அழகும் கிடைக்கும். ஒடியல் மா 100 கிராமை அரை லீற்றர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துவிடுங்கள். கசப்பு அதோடு போகும். தையில் கிடைக்கும் மா பெரும்பாலும் போன வருடத்தது, பூசண மணம் வந்தால் வாங்காதீர்கள்.

மரவள்ளி 200 கிராமை மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். ஒன்றேகால் லீற்றர் புதுத் தண்ணீரில் அரிசி 50 கிராம், பயற்றங்காய் 100 கிராம் வேகவிட்டு, மரவள்ளியும் எட்டுச் செத்தல் (காய்ந்த) மிளகாய் அரைத்த கூட்டும் உப்பும் சேருங்கள். இந்த இடத்தில் சைவக்காரருக்கான கால் பங்கை வேறு சட்டிக்கு மாற்றி, அகப்பையும் வேறாக வையுங்கள். மிச்சத்தில் நண்டு, இறால் போட்டுப் பத்து நிமிடம். பிறகு இரண்டு சட்டியிலும் பங்குப்படி ஒடியல் கரைசல், 30 கிராம் புளியின் கரைசல், முருங்கையிலை. புளியை முந்தியே விட்டால் பயற்றங்காய் வேகாது. ஒடியல் அடிப்பிடிக்கும், கை ஓயாமல் கிண்டி ஏழு நிமிடத்தில் இறக்குங்கள். ஆற ஆற இறுகும். இளக்கக் கொஞ்சம் கொதிநீர் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது சோறு. உறைப்பும் புளிப்பும் முடிந்த நாக்குக்குத் தேங்காய்ப்பால்தான் இதம். மொட்டைக்கறுப்பன் என்ற நாட்டு அரிசி அரைக் கிலோ (மற்ற நாள் என்றால் ஒரு கிலோ வேண்டும்), பூசணிக்காய்ப் பால்கறி, முசுட்டை வறை, சொதி. மச்சம் சாப்பிடுவோருக்கு ஆளுக்கு ஒரு மீன் பொரியல் துண்டு. வறையைக் கடைசியில், மூடாமல், பெருநெருப்பில் கிளறுங்கள்; மூடினால் இலை தண்ணீர்விட்டுக் கறுக்கும்.

நான்காவது பயற்றங்கொழுக்கட்டை. வறுத்த பயறு 150 கிராமைக் குழையாமல் அவித்து நன்றாக வடியுங்கள். பனங்கட்டி 150 கிராமைச் சிறிது தண்ணீரில் கரைத்து, வடித்து, பாகு நூலாகும்வரை காய்ச்சிய பிறகே பயறும் தேங்காய்ப்பூவும் சேருங்கள். நீர்ப்பாகாக விட்டால் அவியும்போது கொழுக்கட்டை வெடிக்கும். குட்டான் (பனங்கட்டி இருக்கும் ஓலைப்பெட்டி) கசிந்திருந்தால் அந்தப் பனங்கட்டி இன்னும் கூடுதலாகக் காய வேண்டும். வறுத்த அரிசிமா 300 கிராமைக் கொதிநீரில் குழைத்தால் பதினாறு வரும். மாலையிலேயே பிடித்து ஈரத்துணியால் மூடி வைத்து, மூன்றாம் சுற்றைப் பரிமாறியதும் அடுப்பேற்றுங்கள்; பன்னிரண்டு நிமிடம் போதும்.

கடைசியாக மல்லிக் கோப்பி. கூழில் மரவள்ளி இருப்பதால் வேர்க்கொம்பு (சுக்கு) போடாதீர்கள்: மரவள்ளி தின்ற அன்று இஞ்சி, வேர்க்கொம்பு சேர்க்காதது நம் வீடுகளின் வழக்கம், வரும் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். வேர்க்கொம்பு வேண்டும் என்றால் கூழில் மரவள்ளிக்குப் பதில் மண்ணில் புதைத்து வைத்த பலாக்கொட்டை போடலாம்.