லேப்டாப்பில் ஒன்று, டெஸ்க்டாப்பில் ஒன்று: கரையோரக் கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவனுக்கு "இங்கே இருக்கிற மெயில் அங்கே இல்லையே" என்ற புகார் அன்றாடம் வரும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பலர் கேட்டதை இங்கே எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, லாட்ஜ் வரவேற்பில் டெஸ்க்டாப், வீட்டில் லேப்டாப். இரண்டிலும் மெயில் பார்க்க அவுட்லுக். அறை கேட்டு வரும் மெயில் சிலது இங்கே, சிலது அங்கே. ஆடி அமாவாசைக்கு அறை கேட்ட குடும்பத்தின் மெயில் வரவேற்புக்கு வரவே இல்லை. (ராமேஸ்வரம்)

உங்கள் கணக்கு 'பாப்' முறையில் போடப்பட்டிருக்கிறது. பாப் முறை, மெயில் கம்பெனியின் கம்ப்யூட்டரான சர்வரிலிருந்து மெயிலை இறக்கும், அமைப்பைப் பொறுத்து சர்வரில் இருப்பதை அழித்தும் விடும். ராத்திரி வீட்டில் லேப்டாப்பைத் திறந்தீர்கள் என்றால் அதுவரை வந்ததெல்லாம் அங்கே போய்விடும். காலையில் வரவேற்பில் இருக்கும் பையனுக்கு ஒன்றும் தெரியாது.

'சர்வரில் ஒரு நகல் வை' என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டிலும் வரும், ஆனால் அரைகுறைதான். இங்கே படித்தது அங்கே படிக்காததாகவே நிற்கும். நீங்கள் போட்ட பதில் மற்றதில் தெரியாது. ஒரே விருந்தாளிக்கு இரண்டு பேர் இரண்டு வாடகை சொல்லும் கூத்து இப்படித்தான் நடக்கிறது.

உங்களுக்கு வேண்டியது ஐமேப். இதில் மெயில் சர்வரிலேயே இருக்கும், இரண்டு கம்ப்யூட்டரும் அதைத்தான் காட்டும். படித்தது, அழித்தது, ஃபோல்டர் மாற்றியது எல்லாம் இரண்டிலும் ஒன்றாகத் தெரியும். ஆனால் அவுட்லுக்கில் இருக்கிற பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற வழியில்லை. அதே முகவரியைப் புதுக் கணக்காக ஐமேப்பில் சேர்க்க வேண்டும். போர்ட் எண் (சர்வரோடு பேசும் வாசலின் எண்) கேட்டால், வாங்குவதற்கு 993, அனுப்புவதற்கு பெரும்பாலும் 587 அல்லது 465. சேர்ப்பதற்கு முன் இரண்டு கம்ப்யூட்டரிலும் உள்ள பிஎஸ்டி ஃபைலை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். உங்கள் பழைய மெயில் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. அப்புறம் பழைய ஃபோல்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புதுக் கணக்குக்கு நகலெடுங்கள். மொத்தமாக இழுத்துப் போட்டால் பாதியில் நின்று, எது போனது எது போகவில்லை என்று தெரியாமல் தலையைச் சொறிய வேண்டியிருக்கும். உங்கள் மெயில் கம்பெனி எத்தனை ஜிபி கொடுத்திருக்கிறது என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐமேப்பாக மாற்றிவிட்டேன். ஆனாலும் லேப்டாப்பில் அனுப்பியது டெஸ்க்டாப்பின் அனுப்பியவை பகுதியில் இல்லை. (ஏர்வாடி)

ஒரு கம்ப்யூட்டர் 'சென்ட்' என்ற ஃபோல்டரில் போடுகிறது, இன்னொன்று 'சென்ட் ஐட்டம்ஸ்' என்று தனியாக ஒன்றை உண்டாக்கி அதில் போடுகிறது. ஃபோல்டர் பட்டியலில் இரண்டும் இருக்கும், பாருங்கள். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில், கணக்கு அமைப்பில் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் எந்த ஃபோல்டர் என்று நீங்களே சொல்லலாம். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே ஃபோல்டரைக் காட்டிவிட்டால் சரி.

லேப்டாப்பில் இடம் இல்லை என்று பழைய மெயிலை அழித்தேன். டெஸ்க்டாப்பிலும் போய்விட்டது! (கீழக்கரை)

ஐமேப் அப்படித்தான் தம்பி, ஒரே மெயிலை இரண்டு ஜன்னலில் பார்க்கிறீர்கள். ஜிமெயில் என்றால் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், உடனே போய் எடுங்கள். இடம் போதவில்லை என்றால் அழிக்கவே வேண்டாம். கடைசி மூன்று மாத மெயிலை மட்டும் இந்தக் கம்ப்யூட்டரில் வை என்று அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் சொல்ல முடியும். மீதி சர்வரில் பத்திரமாக இருக்கும்.

ஒரு வாரமாக ஜிமெயிலுக்கு மெயிலே வரவில்லை. அனுப்பியவர்களுக்குத் திரும்பிப் போகிறதாம். (பாம்பன்)

இடம் நிறைந்திருக்கும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமானது அல்ல. டிரைவ், போட்டோஸ், மெயில் மூன்றுக்கும் பொது. 2021 ஜூனுக்குப் பிறகு போனிலிருந்து ஏறிய ஒவ்வொரு போட்டோவும் வீடியோவும் அதில்தான் கழிகிறது. பேரப்பிள்ளையின் பிறந்தநாள் வீடியோ வியாபார மெயிலை மறிக்கிறது. தொழிலுக்கு ஒரு கணக்கு, குடும்பப் படங்களுக்கு வேறு கணக்கு என்று பிரித்துவிடுங்கள்.

நண்டு, இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். எக்செல் ஃபைல்களை மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவில் வைத்திருக்கிறோம். அடிக்கடி ஒரே ஃபைல் இரண்டு பெயரில் வருகிறது. கணக்கு மென்பொருளான டேலியையும் இதே போல் ஒன்டிரைவில் வைக்கலாமா? (மண்டபம்)

எக்செல்லில் நடப்பது இதுதான். ஐந்தரை மணிக்கு பேக்கிங் லிஸ்ட்டைச் சேமித்ததும் லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும், வைஃபையும் நின்றுவிடும். திரையின் வலது கீழ்மூலையில் ஒன்டிரைவின் மேகப்படத்தில் அம்புக்குறி சுற்றிக்கொண்டிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் ஆபீஸ் டெஸ்க்டாப்பில் இருப்பது பழைய லிஸ்ட். அதில் இன்னொருவர் எடையைத் திருத்துகிறார். சாயங்காலம் உங்கள் லேப்டாப் விழித்ததும், எது சரி என்று ஒன்டிரைவால் முடிவு செய்ய முடியாமல் கம்ப்யூட்டர் பெயரைச் சேர்த்து இரண்டாவது ஃபைலை வைத்துவிடுகிறது. அது நல்லதுதான். ஒன்றை ஓசையில்லாமல் அழித்திருந்தால் கண்டெய்னர் போன பிறகுதான் தெரிந்திருக்கும். அம்புக்குறி நின்ற பிறகு மூடியைச் சாத்துங்கள், டெஸ்க்டாப்பில் எக்செல்லைத் திறந்தபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். இந்த இரண்டும் போதும்.

டேலிக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். டேலி டேட்டா என்பது ஒன்றோடொன்று பிணைந்த பல ஃபைல்கள். அவற்றில் பாதி புதிது, பாதி பழையது என்று மேலேறினால் டேலியில் உங்கள் கம்பெனிக் கணக்கு திறக்காது. அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைலுக்கும் இதே விதி. டேலி எப்போதும் டெஸ்க்டாப்பில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் பார்க்க வேண்டுமென்றால் டேலிக்குள்ளிருந்தே பேக்கப் எடுத்து அங்கே ரீஸ்டோர் செய்யுங்கள். லேப்டாப்பில் புதிதாக எதுவும் பதியக் கூடாது. இந்த ஏற்பாட்டை மாற்றுவதென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் செய்யுங்கள். விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாளில்தான் உங்கள் ஆபீஸில் மூச்சு விட முடியும்.

மன்னார் வளைகுடாவில் கடற்புல் ஆய்வு செய்கிறேன். நீருக்கடியில் எடுத்த வீடியோ மட்டும் 200 ஜிபி. லேப்டாப்பிலும் அறையில் உள்ள டெஸ்க்டாப்பிலும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். (மண்டபம் முகாம்)

இதை மேகத்தில் ஏற்ற நினைக்காதீர்கள். ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 200 ஜிபிக்குக் கிட்டத்தட்ட 44 மணி நேரம், அதுவும் கரன்ட் போகாமல் இருந்தால். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருக்கும்போது ஃபைல் ஊர் சுற்றி வர வேண்டிய அவசியம் என்ன? ஒரு லேன் கேபிளால் இணைத்து, இரண்டு கம்ப்யூட்டரின் ஃபைல்களை ஒரே மாதிரி வைக்கும் ('சிங்க்' செய்யும்) சிங்க்திங் மென்பொருளைப் போடுங்கள். இலவசம், திறந்த மூலம். நடுவில் யாருடைய சர்வரிலும் ஃபைல் தங்காது. கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்பில் அதே 200 ஜிபி ஒரு மணி நேரத்துக்குள் முடியலாம், ஹார்ட் டிஸ்க் பழையது என்றால் கூடுதலாகும். ஒரே நிபந்தனை, இரண்டும் ஒரே நேரத்தில் ஆனில் இருக்க வேண்டும். படகிலிருந்து வரும் லேப்டாப்பை 'அனுப்ப மட்டும்', டெஸ்க்டாப்பை 'வாங்க மட்டும்' என்று வைத்தால் மூல வீடியோவை டெஸ்க்டாப்பில் யாராவது மாற்றினாலும் லேப்டாப்புக்கு வராது.

பென்டிரைவில் கொண்டுபோகும்போது பெரிய வீடியோ மட்டும் ஏறவில்லை என்றால், பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.

கேபிள் போட்டுத்தான் இணைத்திருக்கிறேன். முதலில் பறந்தது, இப்போது நொண்டுகிறது. எதையும் மாற்றவில்லை. (தங்கச்சிமடம்)

நீங்கள் மாற்றவில்லை, உப்புக்காற்று மாற்றியிருக்கும். கேபிளைக் கழற்றி பிளக்கின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு உலோகக் கீற்றில் ஒன்றிரண்டின் மேல் பச்சைப் பொடி படிந்திருக்கும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும். அதனால் அந்த நான்கில் சேராத ஒரு கீற்று கெட்டால் இணைப்பு அறுபடாது, சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். விண்டோஸில் ஈதர்நெட் இணைப்பின் விவரத்தைத் திறந்தால் வேகம் 1000 என்பதற்குப் பதில் 100 என்று இருக்கும். பழைய பிளக்கை வெட்டிவிட்டுப் புதியதைக் கிரிம்ப் செய்தால், அதாவது அழுத்திப் பொருத்தினால் சரியாகிவிடும். கம்ப்யூட்டரின் போர்ட்டுக்குள்ளும் பச்சை ஏறியிருந்தால் யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். ஜன்னல் ஓரத்திலிருந்து மேசையைத் தள்ளிப் போடுங்கள், அண்ணே.

கரன்ட் போய் வந்தால் டெஸ்க்டாப்பில் மெயில் திறக்கவில்லை, சான்றிதழ் பிழை என்கிறது. ஃபைல்களும் பழையதைப் புதியது என்று காட்டுகின்றன. வைரஸா? (உச்சிப்புளி)

வைரஸ் இல்லை, தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். கரன்ட் போனதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போகிறது. சர்வர் அசல்தான் என்று காட்டும் சான்றிதழின் செல்லுபடிக் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது, அதனால் மெயில் மறுக்கப்படுகிறது. பல சிங்க் மென்பொருள்கள் எது புதியது என்பதை நேரத்தை வைத்தே தீர்மானிப்பதால் அங்கேயும் குழப்பம். வாட்ச் கடையிலேயே பேட்டரி கிடைக்கும். அதை மாற்றி தேதியைச் சரிசெய்யும்வரை எந்த சிங்க்கையும் ஓட விடாதீர்கள். பழைய ஃபைல் புதியதை மிதித்துவிடும்.

கல்யாணப் பத்திரிகை டிடிபி கடை. டெஸ்க்டாப்பில் அடித்தது லேப்டாப்பில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. சிங்க்கில் கெட்டுவிட்டதா? (தொண்டி)

கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. லேப்டாப்பிலும் அதே எழுத்துருவைப் போடுங்கள். புதிய வேலைகளை, தமிழ் எழுத்துகளுக்கே தனி எண்கள் உள்ள யூனிகோடில் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சிங்க் இருக்கிறதே, தனியாக பேக்கப் எதற்கு? (சாயல்குடி)

ஒன்றில் அழிந்தால் மற்றதிலும் அழியும் என்பதால். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் பூட்டியதையும் சிங்க் சமர்த்தாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே கிடப்பது பேக்கப்பில் சேர்த்தி இல்லை.

ஐமேப் போட்டால் போன் நம்பர்கள், காலண்டர் எல்லாம் வந்துவிடுமா? (பெரியபட்டினம்)

வராது அக்கா, ஐமேப் மெயிலுக்கு மட்டும்தான். அவற்றுக்கு கார்ட்டேவ், கால்டேவ் என்று வேறு வழிகள் உண்டு. கூகுள் கணக்கில் வைத்திருந்தால் பிரவுசரில் பார்ப்பதே சுலபம்.

நான் பள்ளி ஆசிரியர். வீட்டில் மட்டும்தான் இரண்டு கம்ப்யூட்டரும். வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், இவ்வளவுதான் வேலை. எதைப் போடலாம் சார்? (தேவிபட்டினம்)

எதையும் போட வேண்டாம். டெஸ்க்டாப்பின் பெரிய திரைதான் உங்களுக்கு வசதி என்றால், அந்த மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளால் லேப்டாப்பில் மாட்டுங்கள், கீபோர்டையும் மவுஸையும் யுஎஸ்பியில் செருகுங்கள். எல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கும். பழைய டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பியில் செருகும் ஒரு உறையில் போட்டால் அதுவே பேக்கப் டிஸ்க்காகிவிடும். மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால் எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை.