நமீபியாவின் நீரும் நிலமும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தென்மேற்கு ஆப்பிரிக்க நாடான நமீபியாவில் கடலை ஒட்டியே பாலைவனம் கிடக்கிறதே, கடற்கரையில் மழை பெய்யாதா?

பதில்: மழை பெய்யக் கடல் அருகில் இருந்தால் மட்டும் போதாது; கடல்நீரில் வெதுவெதுப்பும் வேண்டும். நமீபியக் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் பெங்குவேலா நீரோட்டம் மிகக் குளிர்ந்தது. அதன்மேல் வரும் காற்று குளிர்ந்து கனத்துவிடுவதால், மேலெழுந்து மழைமேகமாகத் திரள இயலாமல், மூடுபனியாகத் தாழ்ந்தபடியே நிலத்துக்குள் நுழைகிறது. நமீப் பாலைவனத்து உயிர்களுக்கு அந்தப் பனியே தண்ணீர். அங்குள்ள ஒருவகைக் கருவண்டு விடியுமுன் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, காற்று வரும் திசையை நோக்கித் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி அசையாமல் நிற்கும். முதுகில் படியும் பனித்துளிகள் ஒன்றுசேர்ந்து உருண்டு அதன் வாய்க்கே வந்துவிடும்.

கேள்வி: தலைநகரில் கழிவுநீரைக் குடிக்கிறார்கள் என்பது உண்மையா?

பதில்: கழிவுநீரை அல்ல, அதிலிருந்து மீட்கப்பட்ட தூய நீரைக் குடிக்கிறார்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகளான ஆரஞ்சு, குனேனே, ஒக்கவாங்கோ, சாம்பசி ஆகியவை எல்லைப் பகுதிகளில்தான் இருக்கின்றன. உள்நாட்டு ஆறுகள் மழைக்குச் சில நாள் ஓடி மணலுக்குள் மறைந்துவிடும். நாட்டின் நடுவே உயர்ந்த மேட்டுநிலத்தில் அமைந்த தலைநகர் விண்டூக் இதனால்தான் 1968-இலேயே கோரெங்காப் என்ற இடத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீரில் கலக்கத் தொடங்கியது. உலகிலேயே இதுதான் முதல் முயற்சி. 2002-இல் திறக்கப்பட்ட புதிய நிலையம் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர் வரை தரவல்லது. தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவுநீரோடு கலக்கவிடாமல் தனியே பிரித்துவிடுகிறார்கள்; எந்த இயந்திரத்தையும்விட இந்தக் கட்டுப்பாடே அந்த நீரைக் காப்பாற்றுகிறது என்பது என் கருத்து.

கேள்வி: வரைபடத்தில் வடகிழக்கே விரல்போல் நீளும் பகுதி எப்படி வந்தது?

பதில்: அது காப்ரிவி. சாம்பசி ஆற்றை எட்டி, அதன்வழியே கடலுக்குப் போக வேண்டும் என்று அப்போது நமீபியாவை ஆண்ட ஜெர்மனி விரும்பியதால் 1890-இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையில் கிடைத்த நிலம். ஆனால் ஆற்றின் கீழ்ப்போக்கில் விக்டோரியா அருவி இருப்பதால், அவ்வழியே படகில் கடலுக்குப் போகவே முடியாது.

கேள்வி: ஜெர்மானியர் நமீபியாவில் செய்தது போரா, இனப்படுகொலையா?

பதில்: இனப்படுகொலைதான். நிலத்தையும் மாடுகளையும் குடியேறிகளிடம் இழந்துகொண்டிருந்த ஹெரேரோ மக்கள் 1904 ஜனவரியில் கிளர்ந்தெழுந்தார்கள். ஆகஸ்டில் வாட்டர்பெர்க் போருக்குப் பின், பெண்களும் குழந்தைகளுமாகத் தப்பியோடியவர்களை ஜெர்மன் படை நீரற்ற ஒமாஹேகே வெளிக்குள் விரட்டி, நீர்நிலைகளை அடைந்துவிடாதபடி காவல் நின்றது. எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ ஆண்களை, ஆயுதம் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் சுட வேண்டும் என்று தளபதி ஃபொன் டிரோதா அக்டோபரில் எழுத்திலேயே ஆணையிட்டார். அதாவது, தாகம் அங்கே ஆயுதமாக்கப்பட்டது. எஞ்சியவர்களும், பின்னர் எழுந்த நாமா மக்களும் லூடரிட்ஸ் நகரை அடுத்த சுறாத் தீவு போன்ற முகாம்களில் குளிராலும் பட்டினியாலும் மடிந்தார்கள். 1908-க்குள் ஹெரேரோக்களில் பெரும்பாலோரும், நாமாக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரும் அழிந்தனர். 2021-இல் ஜெர்மனி இதை இனப்படுகொலை என்று ஏற்று, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தர முன்வந்தது. ஆனால் 'இழப்பீடு' என்ற சொல்லைத் தவிர்த்தது. பேச்சுவார்த்தையில் தங்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்கிறார்கள் வழித்தோன்றல்களில் பலர். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

கேள்வி: விடுதலை 1990 வரை ஏன் தள்ளிப்போனது? இந்தியாவுக்கு அதில் பங்கு உண்டா?

பதில்: 1915-இல் ஜெர்மனியிடமிருந்து நமீபியாவைக் கைப்பற்றிய தென்னாப்பிரிக்கா, 1966-இல் ஐ.நா. அதன் ஆளும் உரிமையை ரத்து செய்த பிறகும் வெளியேறவில்லை. அதே ஆண்டு நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாப்போ ஆயுதம் ஏந்தியது. விடுதலைக்கு வழிவகுத்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 435-ஆம் தீர்மானம் 1978-இலேயே நிறைவேறியும், அண்டை நாடான அங்கோலாவில் நிலைகொண்டிருந்த கியூபப் படைகளைக் காரணம் காட்டித் தென்னாப்பிரிக்கா பத்தாண்டுகள் இழுத்தடித்தது. இந்தியா 1986-இல் ஸ்வாப்போவுக்குப் புதுதில்லியில் தூதரகம் திறக்க இடம் தந்தது. 1989 தேர்தலின்போது ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவரும் இந்தியரான லெப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம் சந்த்தான். 1990 மார்ச் 21 அன்று சாம் நுஜோமா முதல் குடியரசுத் தலைவரானார். ஆனாலும் நாட்டின் முதன்மைத் துறைமுகமான வால்விஸ் பே தென்னாப்பிரிக்காவின் கையிலேயே இருந்தது. 1994 மார்ச் 1 அன்றுதான் அது நமீபியாவுடன் சேர்ந்தது.