நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று கேளுங்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் ஐந்து பேர் சேலத்தில் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். ‘மாணவர்களிடம் நல்ல பழக்கங்களையும் சுயகட்டுப்பாட்டையும் வளர்ப்பது எப்படி’ என்பது எங்கள் குழு ப்ராஜெக்ட். கூகுள் ஃபார்ம் அனுப்பி நூறு பேருக்கு மேல் பதில் வாங்கிவிட்டோம். பெரும்பாலானோர் ‘போன்தான் பிரச்சினை’, ‘எனக்கு மனவுறுதி இல்லை’ என்றே எழுதியிருக்கிறார்கள். தினமும் ஞாபகப்படுத்தும் ஒரு ஆப் செய்யலாம் என்று முடிவெடுத்தோம். கைடு, ‘இதில் புதிதாக என்ன கண்டுபிடித்தீர்கள்?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். இனி என்ன செய்வது?
– ஐவர் குழு, சேலம்

பதில்: பிள்ளைகளா, உங்கள் கைடு கேட்டது நல்ல கேள்வி. ஃபார்மில் உங்களுக்குக் கிடைத்திருப்பது, ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயம். ‘எனக்கு மனவுறுதி இல்லை’ என்று ஒரு பையன் எழுதினால், வீட்டிலும் வகுப்பிலும் வருஷக்கணக்காகக் கேட்டதைத்தான் அவன் திருப்பி எழுதுகிறான். அதை வைத்து ஒன்றையும் வடிவமைக்க முடியாது. “நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் எங்கே போனாய்? எங்கே உட்கார்ந்தாய்? போன் அப்போது எங்கே இருந்தது? அப்புறம்?” என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லச் சொன்னால் மனசு தானாக இறங்கி வந்துவிடும்.

முடிந்தால் கேட்பதோடு நிற்காமல் போய்ப் பாருங்கள். நான் ஜவுளி வடிவமைப்பு சொல்லிக்கொடுத்த காலத்தில், படிப்புப் பழக்கம் பற்றி ஆராய வந்த ஒரு குழுவை ஹாஸ்டல் அறைகளை அளந்து படம் வரைந்து வரச் சொன்னேன். பிளக் பாயின்ட் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. சார்ஜர் வயர் தலையணை வரைக்கும்தான் எட்டும். மேசை எதிர்ச் சுவர் ஓரம். அதன்மேல் ஈரத்துண்டு, ஊரிலிருந்து வந்த ஊறுகாய் பாட்டில், பக்கெட்டுக்குள் வைக்க இடமில்லாத சோப்பு டப்பா. படிக்க நினைத்த பிள்ளை கட்டிலில்தான் உட்கார முடியும். கட்டிலில் உட்கார்ந்தால் கைக்குப் பக்கத்தில் போன். இதை எந்த ஃபார்மும் சொல்லாது, ஏனென்றால் அந்த அறையில் இருப்பவர்களுக்கே அது கண்ணில் படுவதில்லை. அந்தக் குழு சில அறைகளில் மேசையை ஒழித்துக் கொடுத்து, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அங்கே இழுத்து வைத்தது. போன் மேசைக்குப் போனது, அதன் பின்னாலேயே சில பிள்ளைகளும் போனார்கள். சிலர்தான், எல்லாரும் இல்லை. போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று தேடுவதே குழுவின் அடுத்த வேலையாக ஆனது. அதைத்தான் நான் ஆராய்ச்சி என்பேன்.

அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட்டும் அவர் கூட்டாளிகளும் 2002-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மாணவர்களிடம் மணிக்கொரு முறை ஒலி எழுப்பி, அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்று உடனே எழுத வைத்தார்கள். செய்தவற்றில் சுமார் 43 சதவீதம் கிட்டத்தட்ட தினமும் அதே இடத்தில் செய்தவை. அப்படிச் செய்யும்போது பெரும்பாலும் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை உங்களுக்கும் கைகொடுக்கும். ஏழெட்டுப் பேருக்கு ஒரு சின்ன நோட்டு கொடுத்து ஒரு வாரம் எழுதச் சொன்னால் போதும்.

மனவுறுதியை மட்டும் நம்பி ஆப் கட்ட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனவுறுதி செலவழித்தால் தீர்ந்துபோகும் ஒரு சரக்கு என்ற கருத்து 1998-ல் அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழுவின் சோதனைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய இல்லை என்றே வந்தது. அறிஞர்களுக்கே பிடிபடாத ஒன்றை இருபது வயதுப் பையனிடம் ‘உன்னிடம் குறைவாக இருக்கிறது’ என்று நாம் எப்படிச் சொல்வது?

இன்னொன்று. பழக்கம் வராதவர்களை மட்டுமே விசாரித்திருக்கிறீர்கள். ஒரு காலையில் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு தறி வீட்டில் அனுமதி கேட்டு உட்காருங்கள். வீட்டம்மா ராட்டையில் தார் (நாடாவுக்குள் போடும் நூல் குழல்) சுற்றி, நெசவாளரின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டே இருப்பார். முதல் தார் வந்ததும் நெசவாளர் தறிக் குழிக்குள் காலை இறக்கி மிதியில் வைத்துவிடுவார். யாரும் யாரையும் எழுப்பிவிடுவதில்லை. ஒருவர் வேலை அடுத்தவர் வேலையை இழுத்துக்கொண்டு போகிறது. நெய்து முடித்த சேலைக்குத்தான் கூலி என்பதும் அதில் இருக்கிறது. அதை மறைத்து ‘என்ன ஒரு ஒழுக்கம்!’ என்று எழுதிவிடாதீர்கள்.

போகும்போது இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் எழுதட்டும். ‘நீ ரிப்போர்ட், நான் பிபிடி’ என்று பிரித்துக்கொள்ள வேண்டாம். ஐந்து பேரும் களத்துக்குப் போயே ஆக வேண்டும். பார்த்ததை ஒரு சீட்டுக்கு ஒரு விஷயமாக எழுதிச் சுவரில் ஒட்டி, எது எதோடு சேர்கிறது என்று நகர்த்திப் பாருங்கள். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதா தன் களக்குறிப்புகளை ஒழுங்குபடுத்த உருவாக்கிய முறை இது. ஆப் வேண்டுமா என்பதை அந்தச் சுவரைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

கேள்வி: நான் தினமும் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் சேலம் வந்து கல்லூரியில் படிக்கிறேன். பஸ்ஸில் ஆங்கிலம் படிக்க ‘21 நாள் சவால்’ எடுத்தேன். இரண்டாவது வாரம் மழையில் பஸ் வரவில்லை, ஒரு நாள் விட்டுப்போனது. ஆப் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டது. அதோடு நிறுத்திவிட்டேன். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
– மாணவி, ஏற்காடு

பதில்: வேண்டாம் கண்ணு. 21 நாள் கணக்கு மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. முகம் மாற்றிக்கொண்டவர்களுக்குப் புது முகம் பழக, குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்தார். பரவும்போது ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற உளவியலாளரின் குழு 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்தது. ஒரு செயல் தானாக வரும் நிலைக்கு நடுத்தரமாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டியவை மதிப்பீடுதான்). ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. உங்கள் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கியது அந்த ஆப்பின் குறை, உங்கள் குறை இல்லை.

இன்னொரு விஷயம். இருபது கொண்டை ஊசி வளைவில் புத்தகம் படித்தால் யாருக்கும் தலை சுற்றும். அடிவாரம் தாண்டினால் ரோடு நேராகிவிடுகிறது. ‘பஸ் அடிவாரத்தைத் தாண்டியதும் நோட்டைத் திறப்பேன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்தார். 2006-ல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது நல்ல பலன் தெரிந்தது. மேலே வளைவுகளில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், போதும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவன் மாலைக் கூட்டத்துக்கு வருவதே இல்லை. சுயகட்டுப்பாடு பற்றிய ப்ராஜெக்ட்டில் இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
– பெயர் வேண்டாம்

பதில்: கைடிடம் புகார் சொல்லும் முன், மற்றவர்களிடம் கேட்கப்போகும் அதே கேள்வியை அந்தத் தம்பியிடம் கேளுங்கள்: நேற்று சாயங்காலம் வகுப்பு விட்டதும் எங்கே போனாய்? வெள்ளிப் பட்டறையிலோ கடையிலோ வேலைக்குப் போகிற பிள்ளைகள் சேலத்தில் நிறைய. அப்படியென்றால் கூட்டத்தை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றி, தினமும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.