ரோபோ பயாப்சி முடிந்து ஊட்டிக்கு எப்போது ஏறலாம்?

அப்பாவின் நுரையீரல் கட்டிக்குக் கோவையில் ரோபோ பயாப்சி (ஊசியால் சிறு திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்றார்கள், இயந்திரமே ஊசி குத்துமா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். சென்னை பெர்ஃபின்ட் நிறுவனத்தின் மேக்ஸியோ போன்ற ரோபோக்கள் சிடி படத்தை வைத்துக் கோணமும் ஆழமும் கணக்கிட்டு ஊசிக்கு வழி காட்டும், செலுத்துவது டாக்டர்தான். மூச்சோடு கட்டியும் நகரும், அதனால் ஒரே அளவில் மூச்சடக்க இப்போதே அப்பாவைப் பழக்குங்கள்.

எனக்குக் கவலை அதற்கப்புறம் ஊட்டி திரும்புவதுதான். ஊசி பட்ட நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து, தேங்கிய காற்று விரியும். குன்னூர் மலைப்பாதையில் நடுவழியில் மூச்சுத் திணறினால் என்ன செய்வீர்கள்? அன்றிரவு கோவையிலேயே தங்குங்கள். எக்ஸ்ரே பார்த்து, மலையேறலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கிளம்புங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் பயாப்சிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.