கிக் டிரம்முக்கு எந்த மைக்? பத்துக்குப் பத்து அறையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீடு. மாடியில் பத்துக்குப் பத்து கான்கிரீட் அறை ஒன்றை ரெக்கார்டிங்குக்காக ஒதுக்கியிருக்கிறேன். பெரும்பாலும் கிறிஸ்தவ சபைப் பாட்டுகள், நண்பர்களின் தனிப்பாடல்கள். 22 அங்குல கிக் (காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) உள்ள டிரம் செட், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும், இரண்டு மைக் போடக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ், கரண்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் வகை மைக் ஒன்று, இவ்வளவுதான் கையில் உண்டு. ஸ்நேரும் சிம்பலும் ஓரளவு நன்றாகவே வருகின்றன. கிக் மட்டும் "டொக் டொக்" என்கிறது, "தும்" வரமாட்டேன் என்கிறது. ஏகேஜி டி112 வாங்கு என்கிறார் ஒருவர். ஷூர் பீட்டா 52 என்கிறார் இன்னொருவர். எஸ்எம்57 போதும் என்கிறார் மூன்றாமவர். ஒரு மைக்குக்குத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்: டி112. ஆனால் இந்த வாரமே வாங்கிவிட வேண்டாம். உங்கள் குறை மைக்கில்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அதற்குப் பைசா செலவில்லை.

கிக்கின் சத்தத்தை மூன்றாகப் பிரித்துக் கேட்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். நெஞ்சில் இறங்கும் "தும்", 22 அங்குல டிரம்மில் ஏறக்குறைய 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். நீங்கள் சொல்லும் "டொக்", 300 முதல் 500 ஹெர்ட்ஸ் பக்கம். பெடலின் சுத்தியான பீட்டர் தோலில் படும் "டிக்", 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. டி112, பீட்டா 52 போல கிக்குக்கென்றே செய்த மைக்குகள் முதலாவதையும் மூன்றாவதையும் தூக்கி, நடுவில் இருப்பதை அமுக்கித்தான் வெளியே விடுகின்றன. சத்தத்தின் ஒரு பகுதியை ஏற்றி இறக்கும் ஈக்யூவை உள்ளேயே வைத்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்டென்சர் அப்படி எதையும் செய்யாது. டிரம் முன்னால் வைத்தால் அந்த "டொக்"கையும் சேர்த்து உள்ளது உள்ளபடி பிடித்துவிடும்.

இதனால்தான் எஸ்எம்57 போதும் என்றவர் சொன்னதும் தப்பில்லை. 57-இல் பதிவு செய்து, 400 ஹெர்ட்ஸ் பக்கம் ஐந்தாறு டெசிபல் வெட்டி, 60 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றினால் கிக் மைக்கின் சத்தத்துக்கு அருகே வந்துவிடலாம். அதன் குறை, பேஸில் கை கொஞ்சம் சுருங்கியிருப்பது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லச் சரியத் தொடங்கும். அருகே வைத்தால் அந்தச் சரிவில் ஒரு பகுதி நிரம்பிவிடும், ஏனென்றால் ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்குகளில் பெரும்பாலானவற்றில் கிட்டே போகப் போக பேஸ் கூடும்.

சரி, சோதனைக்கு வருவோம். உங்கள் சபையில் பாட்டுக்கு வைத்திருக்கும் எஸ்எம்58 ஒன்றை ஒரு சாயங்காலத்துக்குக் கேட்டு வாங்குங்கள். 57-உம் 58-உம் உள்ளே ஏறக்குறைய ஒரே சங்கதிதான். 58-இன் வலைப் பந்தைக் கழற்றிவிட்டால் வித்தியாசம் இன்னும் குறையும். முன் தோலில் ஓட்டை இருந்தால் அது வழியாக மைக்கை உள்ளே விடுங்கள். ஓட்டை இல்லை என்றால் இப்போதைக்கு முன் தோலைக் கழற்றி வைத்துவிட்டே சோதிக்கலாம். பிற்பாடு நடுவில் இல்லாமல் ஓரமாக நாலைந்து அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மைக்கை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது எந்த மைக் என்பதைவிடப் பெரிய விஷயம். தவிலுக்கு மைக் வைக்கும்போது வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று தனித்தனியே வைப்பது எதனால்? ஒரே வாத்தியம்தான், ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு குரல். கிக்கிலும் அதே கதை. பீட்டர் படும் இடத்துக்கு நேராக, உள்ளே நாலு விரற்கடை தூரத்தில் வைத்தால் "டிக்" தூக்கலாக வரும், வேகமான பாட்டுக்கு நல்லது. டிரம்மின் நடுவாக்கில் இழுத்து, பீட்டரை விட்டுச் சற்று விலகிப் பார்க்கும்படி வைத்தால் சத்தத்துக்கு உடம்பு சேரும். ஓட்டைக்கு அருகே வந்தால் "தும்" பெருகும். ஆனால் ஓட்டையின் வாயிலேயே வைக்காதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் அங்கிருந்து காற்று பாய்ந்து மைக்கில் மோதும். கீர்த்தனை போன்ற நிதானமான பாட்டுகளுக்கு நான் நடுவில்தான் வைப்பேன். ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். இடங்களின் பெயரை வாயால் சொல்லியே பதிவு செய்துவிட்டால் அப்புறம் குழப்பமில்லை.

டிரம்மையும் ஒருமுறை பாருங்கள். உள்ளே தலையணையைத் திணித்து அடைத்து வைத்திருக்கிறீர்களா? அடி விழுந்த மறுகணமே சத்தம் செத்துவிட்டால் "தும்" எங்கிருந்து வரும்? ஒரு சிறிய துண்டு அல்லது மெல்லிய தலையணை, பீட்டர் படும் தோலை லேசாகத் தொட்டால் போதும். தோலை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலும் "டொக்"தான். சுருக்கம் போகும்வரை எல்லா நட்டையும் சமமாகக் கைவிரலால் திருகி, அதற்குமேல் சாவியால் கால் சுற்று, அரைச் சுற்று என்று ஏற்றிக் கேளுங்கள். நம்மூர்த் தவிலும் செண்டையும் மழைக்காலத்தில் தொய்வது போல டிரம் செட்டின் பிளாஸ்டிக் தோல் தொய்யாது, ஆகவே ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் பல நாள் தாங்கும்.

இனி உங்கள் கேள்வியில் என் கண்ணை உறுத்திய இடம்: பத்துக்குப் பத்து அறை. வழக்கமான கான்கிரீட் வீடு என்றால் உயரமும் பத்தடியை ஒட்டித்தான் இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்றால் ஒலிக்கு அதைவிட மோசமான அறை கிடையாது. இரண்டு சுவர்களுக்கிடையே ஒலி போய்த் திரும்பும்போது, அந்த இடைவெளி எந்த அலையின் பாதி நீளமோ அந்த அலை அறைக்குள் தங்கி நின்றுவிடும். பத்தடி என்பது 3.05 மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர் அளவில் இருக்கும். கணக்குப் போட்டால் சுமார் 57 ஹெர்ட்ஸ் வருகிறது. சரியாக உங்கள் கிக்கின் "தும்" குடியிருக்கும் இடம்! அதுவும் மூன்று திசையிலும் ஒரே எண்.

இதன் விளைவு விசித்திரமானது. அந்த 57 ஹெர்ட்ஸ் சுவரோரத்திலும் மூலையிலும் வீங்கும், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். நீங்கள் நாற்காலியை நடுவில் போட்டு ஸ்பீக்கரில் கேட்கிறவர் என்றால், "தும்" ரெக்கார்டிங்கில் இருந்தும் உங்கள் காதுக்கு மட்டும் வராமல் போயிருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. பதிவு செய்த கிக்கை ஓடவிட்டுவிட்டு, எழுந்து மூலைக்கு நடந்து போங்கள். அங்கே திடீரென்று பேஸ் முழங்கினால் குற்றவாளி மைக் அல்ல. அதே பதிவை நல்ல ஹெட்போனிலும், காரிலும் கேட்டுப் பாருங்கள். அங்கெல்லாம் "தும்" இருக்கிறது என்றால் நாற்காலியை இரண்டு மூன்று அடி நகர்த்துவதே உங்கள் முதல் சிகிச்சை. இந்தச் சோதனையைச் செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த கிக் மைக் வாங்கினாலும் அதே இடத்தில் உட்கார்ந்து அதே புகாரைத்தான் சொல்வீர்கள்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சிம்பலின் பளபளப்பை அது கொஞ்சம் குறைக்கலாம், 57 ஹெர்ட்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. அந்த அலையின் முழு நீளம் ஆறு மீட்டருக்கும் மேல். மூலைகளில் அடர்த்தியான தென்னை நார் மெத்தைகளைத் தடிமனாக அடுக்கினால் ஓரளவு பலன் உண்டு. முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகும் கிக்குக்குத் தனி மைக் வேண்டும் என்று தோன்றினால், மூன்று மைக்குகளை இப்படிப் பாருங்கள். மூன்றுமே கரண்ட் கொடுக்கத் தேவையில்லாத டைனமிக் வகை, 57-உம் 58-உம் போல. ஆடிக்ஸ் டி6-ஐ உங்களிடம் யாரும் சொல்லவில்லை, நானே சேர்க்கிறேன். நடுப்பகுதியை நன்றாகக் குடைந்தெடுத்த மைக் அது. வைத்த உடனே மிக்ஸ் முடிந்த கிக் போலக் கேட்கும். மெட்டல், ராக் வாசிப்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் எந்த டிரம்மில் வைத்தாலும் அந்த ஒரே சாயல்தான், கீர்த்தனைக்கு அது கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். பீட்டா 52ஏ ஆழமான பேஸும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் தெளிவான "டிக்"கும் தரும். முன்பக்கத்தைக் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு வகை என்பதால் பக்கவாட்டுச் சத்தம் குறைவாக நுழையும், மேடைக்கு அருமை. டி112 இந்த இரண்டையும்விடச் சற்று அடக்கமானது. நடுப்பகுதியை முற்றிலும் துடைக்காததால் மெதுவான பாட்டிலும் டிரம் டிரம்மாகவே இருக்கும், வேகமான பாட்டுக்கு ஈக்யூவில் தள்ளிக்கொள்ளலாம். பேஸ் கிட்டார் ஆம்பிளிஃபயர் முன்னாலும் காலங்காலமாக வைக்கிறார்கள், டிரம் செட்டில் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமுக்கும் ஆகும். ஒரே ஒரு மைக்குக்குப் பணம் வைத்திருப்பவருக்கு இந்தப் பல்பயன்தான் என் தீர்ப்பைச் சாய்க்கிறது.

கிக் மைக்குகளின் விலை பொதுவாக எஸ்எம்57-ஐப் போல இரண்டு மடங்கு. சபை 58-இல் எடுத்த சோதனையே ஈக்யூ போட்டபின் உங்களுக்குத் திருப்தி தந்தால், 57 வாங்கி மிச்சப் பணத்தில் நல்ல டிரம் தோல் மாட்டுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 57 நாளைக்கு ஸ்நேருக்கும் கிட்டாருக்கும் உழைக்கும்.

கண்டென்சரை கிக்குக்குள் வைக்காதீர்கள். டிரம்முக்குள் ஒலி அழுத்தம் 130 டெசிபலையும் தாண்டும், சாதாரணக் கண்டென்சர் அதில் திணறிக் கரகரக்கும். அது டிரம் செட் முழுவதையும் மேலிருந்து கேட்கும் ஓவர்ஹெட்டாகவே இருக்கட்டும். இரண்டு இன்புட்டும் நிரம்பிவிட்டது. பல இன்டர்ஃபேஸ்களில் கண்டென்சருக்குக் கரண்ட் கொடுக்கும் 48 வோல்ட் பட்டன் இரண்டு இன்புட்டுக்கும் பொதுவாக இருக்கும். அதைப் போட்டால் டைனமிக் மைக்குக்குக் கெடுதல் உண்டா என்று பலர் பயப்படுகிறார்கள். கேபிள் இரு முனையிலும் எக்ஸ்எல்ஆராக, மைக் செட் கடைகளில் கேனன் என்பார்களே, அதுவாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு முனையில் பி38 ஜாக் (கிட்டாரில் செருகும் கால் அங்குல ஜாக்) வைத்த கேபிளைத் தவிருங்கள். சத்தம் மெலியும், இரைச்சல் சேரும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் "ம்ம்ம்" இரைச்சல் சரியாகக் கிக்கின் இடத்தில் வந்து உட்காரும், பின்னால் வெட்டி எடுக்கவும் முடியாது. வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கெயினை, அதாவது இன்டர்ஃபேஸில் மைக்கின் சத்த அளவை, ஏற்றும்போது டிரம்மரை உண்மையாகவே பலமாக அடிக்கச் சொல்லுங்கள். சோதனையில் தட்டுகிற மாதிரி அடித்துவிட்டு, பாட்டு வந்ததும் உதைப்பார்கள். மென்பொருளின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும், 24 பிட் பதிவில் அதற்குமேல் ஏற்றி ஒரு லாபமுமில்லை.

இன்னொன்றையும் விடக்கூடாது. உள்ளே உள்ள மைக்குக்கும் மேலே உள்ள ஓவர்ஹெட்டுக்கும் கிக்கின் சத்தம் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும், 35 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிவிநாடி வீதம். இரண்டையும் சேர்க்கும்போது பேஸ் ஒன்றையொன்று தின்றுவிட வாய்ப்புண்டு. தனியாகக் கேட்டால் "தும்", சேர்த்துக் கேட்டால் "டொக்" என்றால் இதுதான் காரணம். மென்பொருளில் கிக் டிராக்கின் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனைத் தட்டி இரண்டு நிலையிலும் கேளுங்கள். எதில் பேஸ் தடிமனாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஈரக்காற்று டைனமிக் மைக்கை அவ்வளவாகப் பாதிக்காது. கண்டென்சர்தான் முதலில் பொரிபொரிக்கத் தொடங்கும். இரண்டையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் கேபிள் முனைகளையும் அவ்வப்போது துடைத்து வைக்க வேண்டும், உப்புக்காற்று பின்களை அரித்துவிடும்.

வாங்கும்போது நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ, ஆன்லைனோ, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். ஷூர் மைக்குகளில், அதிலும் 57, 58-இல், போலிகள் ஏராளம். பாதி விலை என்று யாராவது சொன்னாலே சந்தேகப்படுங்கள். கையோடு குறுக்குக் கை உள்ள ஒரு குட்டை பூம் ஸ்டாண்டும் சேர்த்து வாங்குங்கள். பாடகருக்கான உயர ஸ்டாண்டைச் சாய்த்து கிக்குக்குள் மைக்கை நிறுத்த முயன்றால் நாலாவது பாட்டில் அது தோலில் சாய்ந்திருக்கும்.