முதலில் கணக்கு நோட்டு, மைக் அப்புறம்: வாலிபர் தலைமை பற்றி டீச்சரிடம் கேட்டவை

ஸ்தோத்திரம். நான் கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றுவிட்டேன். தென் மாவட்டத்துச் சபை ஒன்றில் 22 வருஷம் வாலிபர் சங்கப் பொறுப்பில் இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன். இறையியல் நுணுக்கங்களுக்கு உங்கள் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம் போங்கள், என்னிடம் வேண்டாம்.

கேள்வி (மார்த்தாண்டம், சங்கச் செயலாளர்): டீச்சர், எங்கள் சங்கத்தில் பெயருக்கு 40 பேர். வேலைக்கு வருவது 4 பேர். மற்றவர்களைத் தலைவர்களாக வளர்ப்பது எப்படி?

தம்பி, 40 பேரையும் ஒரே நாளில் வளர்க்கப் பார்க்காதீர்கள். யாத்திராகமம் 18-ஐ எடுங்கள். மோசே காலை முதல் சாயங்காலம் வரை வழக்குக் கேட்டு வாடிப்போவதை மாமனார் எத்திரோ பார்க்கிறார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு ஒருவர், பத்துப் பேருக்கு ஒருவர் என்று வைக்கச் சொல்கிறார். நம்மவர்கள் எல்லாருக்கும் அந்த ஆயிரத்தின் மேல்தான் கண். நான் பத்தில் ஆரம்பிப்பேன். எத்திரோ கேட்கிற தகுதியையும் பாருங்கள்: தேவனுக்குப் பயந்தவர், உண்மையுள்ளவர், பொருளாசையை வெறுக்கிறவர், திறமையுள்ளவர். நாலில் மூன்று குணம், ஒன்றுதான் திறமை. நாம் ஆள் எடுக்கும்போது யார் நன்றாகப் பேசுகிறான், யார் கீபோர்டு வாசிக்கிறான் என்றுதான் பார்க்கிறோம்.

எங்கள் ஊரில் நான் ஆள் கண்டுபிடித்த இடம் அசனம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற ஆலய விருந்து. ஆக்குப்புரையில் அரிசி களைவது, இலை போடுவது, தண்ணீர் ஊற்றுவது, இலை எடுப்பது, கடைசியில் சருவம் கழுவுவது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையோ பெண்ணையோ பொறுப்பாக வைத்து, கூட ஏழெட்டுப் பேரைக் கொடுப்பேன். முதல் பந்தியில் எல்லாரும் ஓடி ஓடிப் பரிமாறுவார்கள், ஐயர் உட்கார்ந்திருப்பார் அல்லவா! கடைசிப் பந்திக்குச் சாம்பார் தண்ணியாகிவிடும், கூட்டு தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் தன் இலையை விட்டுவிட்டு, வெளியூரிலிருந்து தாமதமாக வந்த கிழவிக்கு எங்கிருந்தாவது ஒரு கரண்டி கூட்டு தேடிக் கொண்டுவருகிறவன் யார் என்று பார்த்துக்கொள்வேன். அவன் பெயர் என் நோட்டில் ஏறிவிடும். அவனிடம் சொல்லமாட்டேன்.

அந்தப் பத்துப் பேரை ஒரு வருஷம் நடத்தினவனுக்குத்தான் அடுத்தது. நடுவில் தப்பு செய்வான். எல்லார் முன்னாலும் திட்டாதீர்கள். வேலையைப் பிடுங்கி நீங்களே செய்து முடிக்கவும் செய்யாதீர்கள். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கரும்பலகையில் பிள்ளை தப்பாகக் கணக்குப் போடும்போது சாக்பீஸை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரிதான் இதுவும்.

கேள்வி (சென்னை): என் மகனுக்கு 16 வயது. நன்றாகப் பேசுவான். ஞாயிறு ஆராதனையில் அவனுக்கு வாய்ப்பு வாங்குவது எப்படி?

முதலில் கணக்கு நோட்டு, மைக் அப்புறம். பதினாறு வயதில் கைதட்டல் பழகினவனுக்கு இருபது வயதில் துடைப்பம் பிடிக்கக் கை வராது.

கேள்வி (தூத்துக்குடி): வாலிபருக்குத் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுக்க நல்ல பாடத்திட்டம் எது?

நெகேமியா 5-ஆம் அதிகாரம். ஒரு மாதத்துக்கு அதை மட்டும் வாசியுங்கள். நெகேமியாவுக்கு முன்னால் யூதாவில் இருந்த அதிபதிகள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும் போக, நாற்பது சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். இவர் பன்னிரண்டு வருஷம் அதிபதிக்குரிய படியைத் தொடவில்லை. அதோடு தன் பந்தியில் 150 பேருக்குச் சாப்பாடும் போட்டார். பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: வாங்க உரிமை இருந்ததை ஏன் வாங்கவில்லை? ஒரு மணி நேரம் பேசுவார்கள். அச்சடித்த பாடப் புத்தகம்தான் வேண்டும் என்றால் திருமண்டல (பேராயரின் கீழ் உள்ள சபைகளின் வட்டாரம்) அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (நாசரேத், பொருளாளர்): கேரல் ரவுண்ட்ஸ் (கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போவது) காணிக்கையில் ஒவ்வொரு வருஷமும் சண்டை. பையன்களை நம்புவதா, வேண்டாமா?

நம்புங்கள். ஆனால் ஒருவன் மட்டும் தனியாக எண்ணக்கூடாது. இதை இன்றைக்கு இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. ஒரு டிசம்பரில் ஐந்து ராத்திரி கேரல் போனோம். பொருளாளர் பிளஸ் டூ முடித்த பையன், தங்கமானவன். ராத்திரி இரண்டு மணிக்குப் பையை அவன் கையில் கொடுத்து, "காலையில் எண்ணிக் கொண்டு வா" என்று நான்தான் அனுப்பினேன். வீடு வீடாக எழுதின நோட்டோடு சேர்த்துப் பார்த்தால் 1,850 ரூபாய் குறைகிறது. அவன் அழுதான். கமிட்டியில் ஒருவர் அவன் அப்பாவின் கடனைப் பற்றிப் பேசினார். நான் எதுவும் பேசாமல் இருந்தேன். பொங்கல் கழிந்து டிரம் செட் உறையை உதறும்போது அதற்குள்ளிருந்து ஒரு காணிக்கைக் கவர் கட்டு விழுந்தது. அதற்குள் அவன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு வருஷம் வரவில்லை.

அந்தத் தப்பு அவனுடையது அல்ல, என்னுடையது. எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தீத்துவிடம் மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரனையும் கூட அனுப்பினார். ஒருவரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று அவரே காரணமும் எழுதுகிறார், 2 கொரிந்தியர் 8. அப்போஸ்தலனுக்கே துணை தேவைப்பட்டது. பையை ஒரு பையனிடம் கொடுத்து விடுவதை நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். அவனைக் காக்க வேண்டிய வேலையை நான் செய்யவில்லை.

செய்முறை: எண் போட்ட ரசீது, இரண்டு கையெழுத்து, அன்று ராத்திரியே ஆலயத்தில் வைத்து எண்ணுவது, அடுத்த ஞாயிறு அறிவிப்புப் பலகையில் கணக்கு.

கேள்வி (திருச்சி): செல்போன், ரீல்ஸ். பிள்ளைகளைத் திருப்புவது எப்படி?

இந்தக் கேள்வி ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஏழு பேருக்கும் சேர்த்து: ஆராதனை நேரத்தில் உங்கள் போன் எங்கே இருக்கிறது?

கேள்வி (சாயர்புரம்): சங்கத் தலைவரைத் தேர்தலில் எடுக்கலாமா, ஐயர் நியமிக்கலாமா?

தேர்தல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நியாயாதிபதிகள் 9-ல் யோதாம் கெரிசீம் மலைமேல் நின்று சொன்ன கதையை ஒரு தடவை வாசித்துவிட்டு ஓட்டுப் போடுங்கள். மரங்கள் ராஜாவைத் தேடிப் போகின்றன. ஒலிவமரம் எனக்கு எண்ணெய் வேலை இருக்கிறது என்கிறது. அத்திமரம் பழத்தை விட்டு வரமாட்டேன் என்கிறது. திராட்சச்செடியும் அப்படியே. முட்செடி மட்டும் "என் நிழலில் வந்து அடையுங்கள்" என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? வேலை செய்கிற பிள்ளைகள் ஒதுங்கிவிடுவதால்தான் வேலை இல்லாதவர்கள் நிற்கிறார்கள். அதனால் என் யோசனை: ஆறு மாதம் ஏதாவது பொறுப்பைச் செய்து முடித்தவர்கள் மட்டும் தேர்தலில் நிற்கலாம்.

*சாயர்புரத்துக்காரர் மறுபடி:* டீச்சர், ஆறு மாதம் வேலை செய்ய நேரம் உள்ளவன் வசதியான வீட்டுப் பையன்தான். கொத்தனார் வேலைக்குப் போகிறவன் என்ன செய்வான்?

இதை நான் யோசிக்கவில்லை. நீங்கள் சொல்வது சரி. ஆறு மாதம் என்பதை எடுத்துவிடுங்கள், ஒரு வேலையை முழுதாகச் செய்து முடித்திருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செய்யக்கூடிய வேலையாகவும் இருக்கட்டும்.

*மதுரையிலிருந்து ஒருவர்:* சீட்டுப் போடலாமே? யூதாஸின் இடத்துக்கு மத்தியாவை அப்படித்தானே எடுத்தார்கள்?

சீட்டுக்கு முன்னால் நடந்ததையும் வாசியுங்கள். யோவானின் ஞானஸ்நான நாள் தொடங்கிக் கூடவே நடந்தவராக இருக்கவேண்டும் என்று சொல்லி, இரண்டு பேரை நிறுத்தின பிறகுதான் சீட்டு. சலித்துப் பார்க்காமல் போட்ட சீட்டு அல்ல.

*பெயர் வேண்டாம் என்று ஒருவர்:* எங்கள் ஊரில் இரண்டு தெரு. ஒரு தெருக்காரர்தான் 20 வருஷமாகத் தலைவர், செயலாளர், பொருளாளர். ஓட்டும் அவர்களுக்குத்தான் அதிகம். நாங்கள் பந்தல் போடுவோம், சேர் தூக்குவோம். எந்தத் தேர்தல் வைத்தாலும் இதுதான் முடிவு.

இந்தக் கேள்விக்காகத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். அப்போஸ்தலர் 6. கிரேக்கு பாஷை பேசுகிற விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு. "சபையில் பிரிவினை பேசாதே" என்று யாரும் வாயை அடைக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். பெயர்களை வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, அந்தியோகியாவைச் சேர்ந்த நிக்கொலா. எல்லாமே கிரேக்கப் பெயர். யாருக்குக் குறைந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே முழுப் பந்தியையும் ஒப்படைத்தார்கள். அவர்களுக்கென்று தனிப் பந்தி போடவில்லை. அவர்களுக்கென்று உப தலைவர் பதவி ஒன்றும் உண்டாக்கவில்லை. சாவியையே கொடுத்தார்கள்.

*திருநெல்வேலியிலிருந்து ஒருவர்:* சபைக்குள்ளும் இட ஒதுக்கீடா? கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று, கலாத்தியர் 3:28.

அண்ணாச்சி, அந்த வசனத்தை எப்போதும் சாவி வைத்திருக்கிற தெருக்காரர்தான் சொல்கிறார். சேர் தூக்குகிறவர் சொல்லி நான் கேட்டதில்லை.

*அவரே:* இது அநியாயம். என் மகன் உழைத்துத் தலைவரானான்.

இருக்கலாம். அவன் உழைப்பைக் குறை சொல்லவில்லை. 20 வருஷத்தில் அடுத்த தெருவில் ஒருவர்கூட உழைக்கவில்லையா என்றுதான் கேட்கிறேன்.

நம் ஊர் மனிதர் ஒருவரைச் சொல்கிறேன். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்ச் சபையார் தாங்களே மிஷனரிப் பணி நடத்துவதைப் பார்த்தார். அடுத்த வருஷம் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்நின்றார். சங்கத்தைத் தொடங்கிவிட்டு ஊரில் உட்காரவில்லை. 1909-ல் தானே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். நாடார் குடும்பத்துப் பிள்ளை, வாழ்நாளில் பெரும்பகுதியை மாலா, மாதிகா என்னும் தலித் மக்களோடு கழித்தார். 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து அவர் கேட்டதன் சாரம் இது: சொத்தைக் கொடுத்தீர்கள், உடலைக்கூடச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அப்போது அவருக்கு 35 வயது. அந்த மேடையில் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இன்று அதே கேள்வியை அடுத்த தெருப் பையன் நம்மிடம் கேட்டால் பிரிவினை பேசுகிறான் என்கிறோம்.

இன்னும் பன்னிரண்டு பேர் இதிலேயே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேர் சாதிப் பெயர் போட்டுத் திட்டியிருக்கிறீர்கள், அதற்குப் பதில் இல்லை. மேலே போகிறேன்.

கேள்வி (பாளையங்கோட்டை): கமிட்டி அங்கத்தினர் தங்கள் பிள்ளைகளையே பொறுப்பில் வைக்கிறார்கள்...

1 சாமுவேல் 8. சாமுவேல் யாருடைய எருதையும் எடுத்ததில்லை. தன் மகன்களை பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக வைத்தார், அவர்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள். ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்டபோது, அவருக்கு வயதானதோடு மகன்களின் நடத்தையையும் காரணமாகச் சொன்னார்கள். நல்ல அப்பாவாலும் இது நடக்கும்.

கேள்வி (கோவில்பட்டி): பெண்பிள்ளை வாலிபர் சங்கத் தலைவராக இருக்கலாமா?

2013-ல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா பேராயரானார். தென்னிந்திய திருச்சபையில் பெண் பேராயரே வந்தாயிற்று, நீங்கள் வாலிபர் சங்கத்தில் நிற்கிறீர்கள்.

கேள்வி (ஈரோடு): கீபோர்டு எந்தக் கம்பெனி வாங்கலாம்?

பாடகர் குழு மாஸ்டரிடம் கேளுங்கள். வாங்கும்போது பில்லை இரண்டு பேர் சரிபாருங்கள்.

கேள்வி (சேலம்): என் மகள் மேடையில் நன்றாக ஜெபிப்பாள், அவளுக்கு வாய்ப்பு...

மேலே சென்னைக்காரருக்குச் சொன்னதுதான். கணக்கு நோட்டு.

கேள்வி (வள்ளியூர்): வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடுவில் விட்டுவிட்டுப் போன பையனுக்கு மறுபடி பொறுப்பு கொடுக்கலாமா?

பம்பிலியாவில் விட்டுவிட்டுப் போன மாற்குவை மறுபடி கூட்டிப்போகலாமா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுமையான சண்டை, பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பல் ஏறினார். கடைசியில் 2 தீமோத்தேயு 4-ல் பவுலே மாற்குவை அழைத்து வரச் சொல்கிறார், எனக்குப் பிரயோஜனமானவன் என்கிறார். கொடுங்கள். ஆனால் ஏன் போனான் என்று முதலில் கேளுங்கள். பத்து நாள் 60 குழந்தைகளோடு அவனைத் தனியாக விட்டிருந்தால் தப்பு அவன்மேல் மட்டும் இல்லை.

கேள்வி (நாசரேத், பொருளாளர்): டீச்சர், அந்தப் பையன் என்ன ஆனான்?

கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். கவர் கிடைத்த அன்றே அவன் வீட்டுக்குப் போய் அவன் அப்பா முன்னால் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார்கள், யாரும் அதிகம் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து அசனத்துக்கு வந்தான். கேட்காமலே இலை எடுத்தான். இன்றும் பண்டிகைக்கு ஊருக்கு வந்தால் எடுக்கிறான். மறுபடி பொருளாளராக இருக்கிறாயா என்று ஒரு தடவை கேட்டேன். "வேண்டாம் டீச்சர்" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு எனக்குப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் இருக்கிறது. மீதிக் கேள்விகள் அடுத்த மாதம். செல்போன் கேள்வி அனுப்பாதீர்கள்.