வீடியோ எடுக்கிறது கடைசி வேலை

கேள்வி: ரீச்சர், வணக்கம். நான் வவுனியாவில ஒரு உயர்கல்வி நிறுவனத்தில படிப்பிக்கிறன். எங்கட புது லெக்சரர்மார் பதினெட்டுப் பேருக்கு ஃபிலிப்ட் கிளாஸ்ரூம், அதாவது பிள்ளையள் பாடத்தை முன்னமே வீடியோவில பாத்திட்டு வர, வகுப்பு நேரத்தைக் கேள்விக்கும் வாதாடுறதுக்கும் விடுற முறை, பழக்கிற பொறுப்பை என்னட்ட தந்திருக்கினம், ட்ரெயினிங் மொத்தம் ரெண்டு நாள்தான். போன வருசம் இதே தலைப்பில ஒரு வேர்க்‌ஷொப்புக்குப் போனனான், காலமை தொடங்கி பின்னேரம் மட்டும் ஸ்லைட் போட்டு விளங்கப்படுத்திச்சினம், திரும்பி வந்து ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. நான் எங்கயிருந்து தொடங்கிறது? எங்கட பிள்ளையளிட்ட டேட்டாவும் இல்லை, எல்லாரிட்டயும் லப்டொப்பும் இல்லை.
- வாசகர், வவுனியா

பதில்: தம்பி, லெக்சர் அடிச்சு அடிச்சு "லெக்சர் அடிக்காதேங்கோ" எண்டு ஒருத்தரையும் பழக்கேலாது, உங்களுக்குப் போன வருசம் நடந்தது அதுதான். அதால முதல்ல உங்கட ட்ரெயினிங்கையே திருப்பிப் போடுங்கோ. ஒரு கிழமைக்கு முன்னமே பதினெட்டுப் பேருக்கும் வட்ஸ்அப்பில சின்ன வீடியோ ஒண்டும் மூண்டு கேள்வியும் அனுப்புங்கோ, கடைசிக் கேள்வி "எது விளங்கேல்லை?" எண்டு இருக்கோணும், முதல் நாள் காலமை அந்தப் பதில்களில இருந்துதான் கதை தொடங்கோணும். சில பேர் பாக்காமல்தான் வருவினம். வரட்டும், தங்கட பிள்ளையளும் இப்பிடித்தான் வரப்போகினம் எண்டு அவையளுக்கு அப்பதான் உறைக்கும்.

கிளிநொச்சியில நான் ஒருக்கா இப்பிடி ஒரு குழுவைப் பழக்கேக்க ஒரு லெக்சரர் வகுப்பெடுக்க எழும்பினார், மற்றவை பிள்ளையள் மாதிரி இருந்தவை. "சேர், நாங்கள் வீடியோ பாக்கேல்லை" எண்டு ஒராள் சொன்னதுதான், மனுசன் மார்க்கரை எடுத்து வீடியோவில இருந்ததையே போட்டில எழுதத் தொடங்கிட்டார். நாலு நிமிசம் பேசாமல் விட்டிட்டு, "பாத்திட்டு வந்த பிள்ளை இப்ப என்ன செய்யுது சேர்?" எண்டு கேட்டன். மார்க்கருக்கு மூடியைப் போட்டு மேசையில வச்சிட்டார். திருப்பிச் சொல்லிக் குடுத்தால் அடுத்த கிழமை ஒருத்தரும் பாக்காயினம். பாக்காத ஆக்களைப் பின் வாங்கில இருத்தி அங்கயே ஃபோனில பாக்க விடச் சொல்லுங்கோ, மற்றவையோட வகுப்பு போகட்டும். இந்த ஒரு காட்சியை ரெண்டு நாளில நாலைஞ்சு தரம் நடிச்சுப் பழக்கினாலே பெரிய காரியம்.

வீடியோ எடுக்கப் பழக்கிறதுக்கு ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கிறது வீண் எண்டுதான் நான் சொல்லுவன், ரெண்டாம் நாள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் காணும். 2014 இல எடெக்ஸ் இணையப் பாடங்களில 69 லட்சம் தரம் வீடியோ பாத்த பதிவுகளை எடுத்து ஆராய்ஞ்சவை, ஆறு நிமிசத்துக்கு மேல போனால் பாக்கிறவை கனபேர் நிண்டு பாக்காயினம் எண்டு கண்டவை. ஆறு நிமிசம் எங்கட டேட்டாவுக்கும் நல்லதுதானே. ரெசலூசனைக் குறைச்சு, வெள்ளிக்கிழமை பஸ் ஏற முதல் கம்பஸ் வைஃபையிலயே டவுன்லோட் பண்ணக்கூடிய மாதிரிப் போடச் சொல்லுங்கோ, துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ வீட்ட போற பிள்ளை ஃபோனில வச்சுப் பாத்துக்கொள்ளும். 2007 இல அமெரிக்காவில கொலராடோ மாநிலத்தில ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் எண்டு இந்த முறையைப் பரப்பின ரெண்டு கெமிஸ்ட்ரி ரீச்சர்மார் ரெக்கோர்ட் பண்ணத் தொடங்கினதே வகுப்பைத் தவறவிட்ட பிள்ளையளுக்காகத்தான்.

மிச்ச நேரமெல்லாம் வகுப்பு மணித்தியாலத்துக்கு என்ன கேள்வி செய்யிறது எண்டதிலதான் போகோணும், லெக்சரர்மார் தடுமாறுற இடமும் அதுதான். 1991 இல இருந்து ஹாவர்ட்டில எரிக் மசூர் பிசிக்ஸ் வகுப்பில செய்தது இது: கேள்வியைப் போட்டு, தனிய யோசிச்சு வாக்குப் போட விட்டு, சரியாச் சொன்னவை 30 வீதத்துக்கும் 70 வீதத்துக்கும் இடையில எண்டால் பக்கத்து ஆளோட வாதாட விட்டு, திருப்பி வாக்கு. மிசின் ஒண்டும் தேவையில்லை, ஏ, பி, சி எண்டு எழுதின மட்டையை நெஞ்சோட பிடிச்சால் காணும், பக்கத்து ஆள் பாக்கமாட்டார்.

விவசாயம் படிப்பிக்கிற ஆக்களுக்கு நான் குடுக்கிற கேள்வி ஒண்டு: ஒரு வயல் களிமண், மற்றது மணல், ரெண்டிலயும் நிறைப்படி 15 வீதம் ஈரம், எதில பயிர் முதல்ல வாடும்? கனபேர் மணல் எண்டுதான் மட்டையைத் தூக்குவினம். உண்மையில களிமண்ணில, ஏனெண்டால் அவ்வளவு தண்ணியையும் களி இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கும், வேரால இழுக்கேலாது. இதைப் பிள்ளையள் தங்களுக்குள்ள வாதாடேக்க தமிழில கதைக்கட்டும், பாடம் இங்கிலீஷ் மீடியம் எண்டாலும் யோசினை தமிழிலதான் ஓடுது, முடிவை இங்கிலீஷில எழுதிக் குடுத்தால் சரி. பதினெட்டுப் பேரும் தங்கட பாடத்தில இப்பிடி ஆளுக்கு மூண்டு கேள்வி செய்யாமல் வீட்ட போகக்கூடாது.

கேள்வி: இப்பிடிப் படிப்பிச்சால் "சேர் ஒண்டும் படிப்பிக்கிறேல்லை" எண்டு பிள்ளையள் எழுதிக் குடுக்கினம். என்ன செய்யிறது ரீச்சர்?
- வாசகர், மாங்குளம்

பதில்: ஹாவர்ட்டிலயும் அப்பிடித்தான் நினைச்சவை. 2019 இல வந்த ஒரு ஆய்வில, தாங்களே செய்து படிச்ச பிள்ளையள் குறையப் படிச்ச மாதிரி உணர்ந்திருக்கினம், ஆனால் டெஸ்டில அவைதான் கூட எடுத்தவை. மூளை களைச்சுப்போறதை விளங்கேல்லை எண்டு எடுத்துக்கொள்ளுதுகள். முதலாம் வகுப்பிலயே இதைச் சொல்லிப்போடுங்கோ, நாலாம் கிழமை சின்ன டெஸ்ட் ஒண்டு வச்சு புள்ளியை அவையளிட்டயே காட்டுங்கோ.